ராமுத்தாயும் கிளிப்பச்சை ஹெல்மெட்டும்

ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்தது ராமுத்தாய், குமட்டிக்கொண்டு வந்தது எனக்கு. எத்தனை பேர் தலையில் ஏறி இறங்கியதோ, உள்ளே பஞ்சு கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது. போடியில் உள்ள ஆம்பளைகளின் தலை எண்ணெயும் வியர்வையும் மொத்தமாக அதில்தான் ஊறிக் கிடந்தது போல.

"ஒரு துணிய வச்சாவது தொடச்சுக் குடுங்கண்ணே" என்றேன்.

"போட்டுப் பாக்குறதுக்குத்தானம்மா, வீட்டுக்கா கொண்டு போறீக?" என்றார் கடைக்காரர். அவர் தலையில் ஒரு நாள் இதை மாட்டிவிட வேண்டும்.

ராமுத்தாயும் நானும் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறோம். பெருசு தனி, சிறுசு தனி, வெடித்தது தனி. காலையில் குனிந்த கழுத்து பொழுது சாயத்தான் நிமிரும். நாற்பது வயதுகூட ஆகவில்லை, ராமுத்தாய்க்குக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. இருவருக்கும் ஊர் சிலமலை. எனக்குச் சைக்கிள் வராது, அதனால் பஸ். அவளும் பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் கூட்டத்தில் பின்னால் நின்றவன் பண்ணிய அசிங்கத்தைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. அவள் செருப்பைக் கழற்றினாள். "கூட்டம்னா அப்பிடி இப்பிடித்தான் இருக்கும், எறங்கி ஆட்டோவுல போ" என்றான் கண்டக்டர். பஸ்ஸில் ஒருத்தராவது வாய் திறக்க வேண்டுமே! அத்தனை பேரும் ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவள் பஸ்ஸை விட்டாள், சைக்கிளை எடுத்தாள்.

வைகாசியில் ஒரு மினி வேன் அவளை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போனது. ரோட்டோரக் கல்லில் மண்டை அடிபட்டது, தையல் போட்டார்கள். அதே இடத்தில் இன்னொரு அடி பட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை, சைக்கிள் ஓட்டுவதாக இருந்தால் ஹெல்மெட் கட்டாயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழுத்து இருக்கிற லட்சணத்துக்குக் கனமானதும் ஆகாதாம். ஆக, லேசான ஹெல்மெட் கிடைத்தால் சைக்கிள். இல்லையென்றால் மறுபடியும் அந்தப் பஸ்.

போடியில் நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் மோட்டார் சைக்கிளுக்கானவைதான். ஒவ்வொன்றும் அம்மிக்குழவி கனம். ஒரு கடையில் "லேடீஸ் மாடல்" என்று எடுத்துக் கொடுத்தார்கள். அதே கனம், அதே நாற்றம், மேலே ரோஸ் கலரில் ஒரு பூ. பூப் போட்டால் பொம்பளைக்குப் போதும் என்று எந்த மகராசன் கண்டுபிடித்தானோ.

கடைசியில் தேனிக்குப் போனோம். விடியற்காலையில் இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு போடிமெட்டு மலைக்குச் சைக்கிள் மிதிக்கிற இளவட்டங்கள் வாங்குகிற கடை. அங்கே இருந்ததுதான் சைக்கிள் ஹெல்மெட். மேலே மெல்லிசான ஓடு, உள்ளே தெர்மாக்கோல் மாதிரி நுரை, காற்றுப் போக நீள நீளமாகத் திறப்பு, பின்னால் திருகி இறுக்க ஒரு சக்கரம். ராமுத்தாய் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு ஒன்றாக ஏந்திப் பார்த்தாள். மாட்டிக்கொண்டு குனிந்தாள், நிமிர்ந்தாள், இடமும் வலமும் தலையை உலுக்கினாள். சக்கரம் கொண்டையில் முட்டியதால் கொண்டையை அவிழ்த்து அங்கேயே தாழப் பின்னிக்கொண்டாள். கடையில் நின்ற ரெண்டு பேர் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

கறுப்பு ஒன்று எடுப்பாக இருந்தது. அதை எடுக்கச் சொன்னேன்.

"நெத்தியக் கடிக்குதுக்கா. கடிச்சா ரெண்டு நாள்ல கழட்டி ஹேண்டில்பார்ல மாட்டிருவேன். அதுக்கா வாங்குறது?"

கடிக்காமல், ஆடாமல், கனம் தெரியாமல் உட்கார்ந்தது ஒன்றே ஒன்றுதான். கிளிப்பச்சை. அதையே வாங்கினாள்.

அன்று பிடித்தது ஊருக்குப் பைத்தியம். டீக்கடையில், "தலையில என்ன, கோழிக்கூடையா?" ஏலக்காய்க் கடையில் கணக்கர், "எந்த ஊருக்கும்மா ரேஸு?" பொம்பளை மண்டை உடைந்து கிடந்தபோது எட்டிப் பார்க்காத வாய்கள், மண்டையை மூடியதும் திறந்துகொண்டன. தூ.

புருஷன் அழகுராஜா எல்லாருக்கும் மேல். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஸ்டோர் பார்க்கிறான். பச்சை ஏலக்காயைச் சூட்டில் காயவைக்கும் அறையைத்தான் மலையில் ஸ்டோர் என்பார்கள். சனிக்கிழமை ஜீப்பில் இறங்கினால் ஞாயிறு சாயங்காலம் ஏறுவான். பொண்டாட்டி தலையைப் பார்த்துவிட்டு, "கோமாளி வேசமா போடுற? என் மானம் போகுது" என்றான். அவள் போட்டுக்கொண்டு போனாள். போய்க்கொண்டே இருந்தாள்.

ஐப்பசி மழை பிடித்தது. தினமும் நனைந்து, உள்பஞ்சு காயவே இல்லை. ஈரமும் வியர்வையும் சேர்ந்து செத்த எலி மாதிரி வீச்சம். சோப்புப் போட்டு அலசினால் கூடுதலாக நாறியது. ஒரு ஞாயிறு சாயங்காலம் கொடியில் தொங்கிய ஹெல்மெட்டைக் காணோம். அழகுராஜா சொல்லாமல் கொள்ளாமல் மலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த வாரம் பூராவும் அவள் என்னோடு பஸ்ஸில் வந்தாள். கைப்பையை மாரோடு அணைத்துக்கொண்டு கம்பியில் ஒண்டி நின்றாள்.

சனிக்கிழமை நான் அவள் வீட்டில் இருந்தபோதுதான் அவன் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தா புடி. வெரசாக் காயட்டும்னு ஸ்டோர்ல காய்த் தட்டுக்கு மேலேயே வச்சுட்டேன். மோந்து பாரு."

வீச்சம் சுத்தமாகப் போய் ஏலக்காய் மணம் கமகமத்தது. ராமுத்தாய் மாட்டினாள். தலையை உலுக்கினாள். கடகடவென்று ஆடியது. கழற்றித் திருப்பிப் பார்த்தோம். சூட்டில் நுரை சுருங்கி, மேல் ஓட்டிலிருந்து விலகி, அங்கங்கே கொப்புளித்திருந்தது.

"அது ஒண்ணும் பண்ணாது. வாரை இறுக்கிக் கட்டு" என்றான் அழகுராஜா. "ஆசையாச் செஞ்சு கொண்டாந்திருக்கேன், மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற."

ஆசையாகத்தான் செய்தான், அதில் பொய் இல்லை. எனக்கு அதுதான் ஆகவே இல்லை. இத்தனை நாள் கேவலப்படுத்தினான், இன்றைக்கு ஒரே ஒரு நாள் அன்பு வந்தது, அந்த அன்புக்காக அவள் இதை மாட்டிக்கொண்டு லோடு லாரிகளுக்கு நடுவே போக வேண்டுமாம். நாறிய ஹெல்மெட்டே தேவலை.

"மாமா, ஸ்டோர்ல சூடு கூடி வெடிச்ச காய என்ன செய்வீக?" என்று கேட்டாள் ராமுத்தாய்.

"தனியாப் பொறுக்கிருவோம். ஏன்?"

"இதையும் பொறுக்கிட்டேன். நாளைக்குத் தேனிக்குப் போறேன், புதுசு வாங்க."

அவனுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "ஏண்டி, ஒரு தலைக்கு எத்தனைதான் வாங்குவ?"

அவள் பின்னலை ஒதுக்கி, தையல் போட்ட இடத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"ஒரு தலைதான் இருக்கு மாமா."

அழகுராஜா ஹெல்மெட்டை வாங்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். நான் எழுந்து என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.