மங்குஸ்தான் கரை

என் பேத்தி கிரிக்கெட் ஆடுகிறாள். போன வாரம் புது மட்டை ஒன்று வாங்கி வந்து, கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, அதற்கு ஆளிவிதை எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கறுப்புப் பேனாவால் மட்டையின் முதுகில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதாம். நான் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் ஆள் காணாமல் போயிருந்தேன். ஐம்பத்தைந்து, அறுபது வருஷத்துக்கு முந்தைய தென்காசியில், ஒரு வீட்டின் பின்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். காபி ஆறுகிறது என்று அவள் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் திரும்பி வந்தேன். வயதானால் இந்த ஒரு வசதி உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்கு வேண்டுமானாலும் போய்விடலாம், யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

அந்த எண்ணெய் அப்போது எங்கள் பக்கம் லேசில் கிடைக்காது. திருநெல்வேலிக்குப் போகிறவர்களிடம் சொல்லி வைத்து வாங்க வேண்டும். மதினி அதைக் கெட்டி அட்டைகளில் இரண்டு பக்கமும் தடவிக் காய வைப்பாள். காய்ந்த பிறகு சின்னக் கத்தியால் அட்டையில் உருவங்களை வெட்டி எடுப்பாள். அந்த அட்டையைச் சுவரோடு அழுத்திப் பிடித்து, சாயத்தில் தோய்த்த துணிப்பந்தால் தட்டிக்கொண்டே போனால், ஓட்டை வழியாகச் சாயம் இறங்கிச் சுவரில் கரை விழும். சேலைக்குக் கரை இருப்பதுபோல வீட்டுச் சுவருக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு கரை. குற்றாலத்தில் சீசனுக்கு வந்து தங்குகிறவர்கள் கட்டிய பங்களாக்களில் அது அப்போது பெரிய நாகரிகம்.

மதினி என்றால் கூடப் பிறந்த அண்ணன் மனைவி இல்லை. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் அண்ணாச்சி என்றால் அவர் மனைவி எனக்கு மதினிதானே. கரும்பலகையில் அண்ணாச்சி கையை ஒரு சுழற்றுச் சுழற்றினால் வட்டம் விழும். காம்பஸ் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வட்டத்துக்குள் என்ன போடுவது என்று அவருக்குத் தெரியாது. அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். மதினி மூன்றாம் வகுப்போடு நின்றவள். அவளுக்கு வட்டம் கோணிக்கொண்டு போகும். உள்ளே போடுவதற்கு மட்டும் அவளிடம் பஞ்சமே இல்லை.

அது சுதேசிக் காலம். கதர் கட்டியதோடு எங்களுக்கு ஆசை அடங்கவில்லை. பங்களாச் சுவரெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டு ரோஜாவும், திராட்சைக் கொத்தும், சிறகு முளைத்த குண்டுக் குழந்தைகளுமாக இருக்கிறதே, இது என்ன கூத்து என்று ஒரு நாள் அண்ணாச்சி வீட்டில் பேச்சு வந்தது. பங்களாக்களைக் கட்டிக் கொடுக்கும் செல்லையா மேஸ்திரியும் அன்று இருந்தார். பேச்சு முடிவதற்குள் 'சாரல் குழு' என்று ஒன்றை ஆரம்பித்துவிட்டோம். நம் சுவரில் நாம் கண்ணால் கண்டதுதான் இருக்க வேண்டும் என்பது கொள்கை. கொள்கை விளக்கத்தை எழுதியது நான். பதினோரு பக்கம், அத்தனையும் கடுந்தமிழ். அதை ஊரில் முழுக்கப் படித்தவர்கள் மூன்றே பேர், மூன்று பேரும் குழுவில் இருந்தவர்கள். மற்றவர்கள் எங்களைக் கிறுக்குக் கூட்டம் என்று சுருக்கமாகச் சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

குழுவில் ஆண்கள் மூன்று பேர். வேலை பூராவும் மதினியுடையது. ஆனால் அவள் உறுப்பினர் இல்லை. சேர்க்க மாட்டோம் என்று சொன்னதில்லை, அப்படி ஒரு யோசனையே யாருக்கும் வரவில்லை. காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நிலையோரம் நின்று நாங்கள் பேசுவதைக் கேட்பாள். மறுநாள் ஒரு தாளில் ஏதாவது போட்டு வைத்திருப்பாள். மலை இடைவெளியில் சாய்ந்து விழும் சாரலை எட்டுக் கோடுகளாகப் போட்டாள். எட்டும் எட்டு நீளம். குரங்கு வால்களை மட்டும் வரிசையாகத் தொங்கவிட்டாள். அந்தக் காலத்தில் உச்சி இடிந்து மொட்டையாக நின்றிருந்த எங்கள் ஊர்க் கோயில் கோபுரத்தையும் அது பிளந்திருந்த வாக்கிலேயே ஒரு கரையாக்கினாள். எனக்குப் பிடித்தது மங்குஸ்தான் கரை. அந்தப் பழத்தின் அடியில் சின்னதாக ஒரு பூப்போல இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. எத்தனையோ சீசனாக அதைத் தின்றிருக்கிறேன், அடியைத் திருப்பிப் பார்த்ததில்லை. அவள் அந்தப் பூக்களை வரிசையாக வைத்தாள், ஐந்து, ஆறு, ஏழு, மறுபடி ஆறு என்று இதழ் மாறி மாறி. அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் சுவர் மூச்சு விடுவது போலிருக்கும். நான் பிறகு எத்தனையோ பெரிய ஊர்களில் பெரிய ஓவியர்களின் வேலையைப் பார்த்தாயிற்று. அலங்கார வேலையில் எனக்குப் பிடித்தவர் யார் என்று கேட்டால் இன்றும் அவளைத்தான் சொல்வேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

அந்த வருஷ சீசனில் குற்றாலத்தில் ஒரு கண்காட்சி வைப்பதென்று முடிவாயிற்று. காலியாக இருந்த ஒரு பங்களாவின் ஹாலை மேஸ்திரி கேட்டு வாங்கிக் கொடுத்தார். மதினி பன்னிரண்டு கரைகளைப் பெரிய தாள்களில் அடித்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர் அட்டை. ஊரில் கல்யாணப் பத்திரிகை உறைகளுக்கெல்லாம் விலாசம் எழுதுகிறவன் நான்தான். அவ்வளவு அழகான கையெழுத்து. அதனால் அந்த வேலை தானாகவே என் தலையில் விழுந்தது. அன்று மதினி வழக்கம்போல் நிலையோரம் நிற்காமல் கூடத்துக்குள் இரண்டு எட்டு வந்தாள்.

"தம்பி, அட்டையில எம் பேரைப் போடுவியளா?"

"எழுதிருலே. அவ போட்டதுதான" என்றார் அண்ணாச்சி.

சரி என்று தலையாட்டினேன். அவள் அதற்கு முன் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவள் பெயர் எழுத்தில் வந்தது கல்யாணப் பத்திரிகையில் ஒரு தடவை. அதோடு சரி.

வீட்டுக்கு வந்து மையைத் தொட்டு அட்டையில் கையை வைத்தேன். ஓடவில்லை. அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வருகிற சீசன் கூட்டம், சுவரில் ஒரு குடும்பப் பெண்ணின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துச் சிரிப்பது கண்ணில் நின்றது. எங்கள் பக்கம் அப்படிப் பெயரைத் தூக்கி எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கிற பழக்கம் கிடையாது. வீட்டுக்காரர் பெயரைப் போட்டால் அவளுக்கும் கௌரவம், எல்லாம் ஒரே வீடுதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, பன்னிரண்டு அட்டையிலும் 'சங்கரலிங்கம், தென்காசி' என்று எழுதினேன். எழுத்து ரொம்ப அழகாக வந்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் நானே கொண்டுபோய் ஒட்டினேன்.

கண்காட்சி அன்று மதினி அண்ணாச்சியோடு ஜட்காவில் வந்து இறங்கினாள். முதல் அட்டையைப் படித்தாள், இரண்டாவதையும் படித்தாள். மூன்றாவதுக்குப் போகவில்லை. என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மங்குஸ்தான் கரைக்குக் கீழே போய் நின்றுகொண்டாள். அண்ணாச்சி அட்டையைப் பார்த்து முகம் கறுத்து, என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்த் திட்டினார். சாயங்காலத்துக்குள் மாற்றிவிடுகிறேன் என்றேன்.

சாயங்காலம் வருவதற்குள் சென்னையிலிருந்து சீசனுக்கு வந்திருந்த ஒரு பெரிய மனிதர் வந்துவிட்டார். கலை தெரிந்தவர், புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்தவர். அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மங்குஸ்தான் முன்னால் வந்ததும், பக்கத்தில் நின்றவளிடம் மரியாதையாகக் கேட்டார்.

"இந்தச் சங்கரலிங்கம் யாரம்மா?"

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். யாராவது கேட்டால் ஆளைக் கைகாட்டுவார்கள். மதினி சின்ன வயதிலிருந்து பழகிய பழக்கம், கை தானாக எழுந்து, வாசலில் நின்ற அண்ணாச்சியைக் காட்டியது. கேட்ட கேள்விக்கு அதுதான் சரியான பதில். காட்டிய பிறகுதான் அவளுக்குத் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அந்த முகத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அவர் போய் அண்ணாச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி, இதெல்லாம் நான் போட்டதில்லை, வீட்டில் போட்டது என்று சொல்லத்தான் செய்தார். பெரிய மனிதர் அதை அடக்கம் என்று நினைத்துச் சிரித்தார். அண்ணாச்சி இரண்டாம் தடவை சொல்லவில்லை. நான் முதல் தடவைகூடச் சொல்லவில்லை. சொன்னால் அட்டை எழுதிய கதையையும் சொல்ல வேண்டுமே. அந்த வீட்டுச் சுவர் முழுக்கக் கரை போடும் வேலை அண்ணாச்சிக்கு என்று அங்கேயே முடிவாயிற்று.

அண்ணாச்சி லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் போனார். மதினி போட்டு அனுப்புவாள், நாம் சுவரில் அடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அங்கே போனதும், மாடிப்படிச் சுவருக்குப் புதிதாக ஒன்று வேண்டும் என்று அவர்கள் கேட்க, எனக்குக் கடிதம் எழுதினார். நான் அதை எடுத்துக்கொண்டு மதினியிடம் போனேன். இரண்டு நாள் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் வெற்றுத் தாளையே திருப்பிக் கொடுத்தாள்.

"யாரு பேருக்குன்னு தெரிஞ்ச பெறகு கை ஓட மாட்டேங்கு தம்பி."

ஆறு வாரத்தில் அண்ணாச்சி திரும்பி வந்துவிட்டார். எங்கிருந்தோ பார்த்துக் காப்பியடித்த ஆள் என்று அந்தப் பெரிய மனிதர் முடிவு கட்டிவிட்டாராம். அப்புறம் குழு கூடவில்லை. செல்லையா மேஸ்திரி சத்தமில்லாமல் திராட்சைக் கொத்துக்குத் திரும்பினார். அண்ணாச்சி பள்ளிக்கூடத்தில் வட்டம் போட்டார். கொஞ்ச நாளில் யுத்தம் வந்தது, சுவருக்குக் கரை போடுவதைப் பற்றிப் பேச யாருக்கும் பொழுதில்லை.

ஒரு மழைநாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் மதினி வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். எங்கும் அந்த எண்ணெய் வாசனை. அடுப்பில் சாரல் கரை எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மீதி அட்டைகள் அடுக்கி இருந்தன. பதறிப்போய், என்ன மதினி இது என்று கேட்டேன்.

"எண்ணெ ஊறின அட்டைல்லா. ஈர வெறகுகூடச் சட்டுன்னு பத்திக்கிடுது" என்றாள்.

தப்பு என்மேல்தான் என்று அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க மரியாதையாத்தான எழுதினிய" என்றாள்.

அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். இருந்த மாதிரி தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சுதந்திரம் வருவதற்கு முந்தைய வருஷம் மதினி காய்ச்சலில் போனாள். பிள்ளைகள் இல்லை. அண்ணாச்சி குத்துக்கல்வலசையில் தங்கை வீட்டோடு போய் இருந்து, அவரும் போனார். மேஸ்திரி ஒரே ஒரு பங்களாவில் மங்குஸ்தான் கரையை அடித்திருந்தார். பல வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தேன். லாட்ஜாகியிருந்தது. மேனேஜரைக் கெஞ்சி, சுவரை நகத்தால் சுரண்டினேன். பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் சுண்ணாம்பு, அதற்கும் அடியில் வெறும் காரைப்பூச்சு. போன சீசனில் அந்தக் கட்டடமே இல்லை. அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்.

இவ்வளவு நேரம் மதினி, மதினி என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். பழக்கம் விடவில்லை. பேத்தியின் கறுப்புப் பேனாவை வாங்கி, ஒரு அட்டையை வெட்டி, நேற்று எழுதினேன். கோமதி, தென்காசி. கை நடுக்கத்தில் எழுத்து முன்போல அழகாக வரவில்லை. மேஜைமேல்தான் கிடக்கிறது. அதற்கு மேலே ஒட்ட ஒரு படம்கூட இல்லை.