கேப்சூல் ஓடும் எறா ஓடும்

மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் டாக்டர் சீட்டைக் காட்டுவார்கள். அந்த மருந்தை வீட்டில் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் காட்ட மாட்டார்கள். கவுண்டருக்கு உள்பக்கம் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால் இப்போதே தலையாட்டுவார்கள்.

நான் தேவிகாபுரம் பக்கத்தில் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ முடித்தவள். மகளை எல்.கே.ஜி.யில் விட்ட கையோடு ஆரணியில் ஒரு மெடிக்கலில் வேலைக்குச் சேர்ந்தேன். செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. மருந்துப் படிப்பு படித்தவர் முதலாளி. அவர் சீட்டைப் பார்த்துச் சொல்வார், நான் எடுத்துக் கொடுத்து, எந்த வேளைக்கு எது என்று அட்டையில் எழுதித் தருவேன். தறியில் உட்கார்ந்தால் டீயிலேயே பொழுதை ஓட்டுகிற ஊர். வயிற்றுவலி என்று வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை.

தறிக்கு லீவு

முள்ளிப்பட்டிலிருந்து ஏகாம்பரம் அண்ணனும் அவர் சம்சாரம் சுலோச்சனா அக்காவும் வருவார்கள். வீட்டுத் தறியில் பட்டு நெய்கிறவர்கள். அண்ணனுக்கு ஒருநாள் வாந்தியில் ரத்தம் வந்தது. வேலூரில் குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண். ஒரு கிருமி உள்ளே குடியிருந்துகொண்டு அதை ஆறவிடாமல் செய்கிறது என்றார்கள். மறுபடி ரத்தம் வந்தால் ஆபரேஷன். ஆபரேஷன் என்றால் எத்தனை மாசம் தறிக்குழியில் கால் வைக்க முடியாதோ என்பதுதான் அவர்கள் பயம். பதினாலு நாளைக்கு மாத்திரை எழுதியிருந்தது. ஒரு வேளைகூட விடக்கூடாது என்று நானும் இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன்.

மூன்று மாசம் கழித்து, கிருமி போகவில்லை என்ற ரிப்போர்ட்டோடு வந்தார். சட்டைப்பையில் பழைய அட்டை, அதில் நாலு நாள் மாத்திரை அப்படியே இருந்தது. பாதியில் விட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போய்விடும், அப்புறம் அதே மருந்து கேட்காது என்று முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். ஒரு நாள்தான் விட்டாராம், மறுநாள் சொந்தத்தில் கல்யாணம், அதற்கடுத்த நாள் வலியே இல்லையாம். சரி, அந்த முதல் நாள் ஏன் விட்டீர்கள் என்றேன். கூசாமல் பதில் வந்தது:

"அமாவாசம்மா அன்னிக்கி. தறிக்கே லீவு உட்டுட்டு மாத்திரைய மட்டும் ஓட்டச் சொல்றியா?"

ஓடு உரித்த கேப்சூல்

இரண்டாவது தடவை வேறு மருந்து. இந்த முறை பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டார். பதினாலு நாளும் வேளை தவறாமல் கொடுத்து, காலி அட்டைகளைக் கொண்டுவந்து கவுண்டரில் வரிசையாக வைத்துக் காட்டினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் டெஸ்டில் கிருமி அப்படியே இருந்தது.

முதலாளி ஒவ்வொரு மாத்திரையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். புளிப்பைக் குறைக்கிற கேப்சூலில் கதை வெளியே வந்தது. அவர்கள் வீட்டில் முட்டைகூட ஏறாது. கேப்சூல் மேல் ஓடு மாட்டெலும்பில் செய்வது என்று தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்கா ஓட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே இருந்த கடுகுபோன்ற உருண்டைகளைக் கல்லில் நுணுக்கி மோரில் கலந்து கொடுத்திருக்கிறார். அந்த உருண்டைக்கு மேலே ஒரு பூச்சு உண்டு அக்கா, அது இருந்தால்தான் வயிற்று ஆசிட்டில் மருந்து கெடாமல் தப்பிக்கும் என்று முதலாளி விளக்கினார். அக்கா முகம் வாடிவிட்டது. திட்டு வாங்கிய பிள்ளைபோல மெதுவாகச் சொன்னார்:

"நைசா அரைச்சா சீக்கிரம் புடிக்கும்னு நெனச்சேன் சாரு."

எறா ஓடு

அன்றைக்கு முதலாளி மகள் கவிதாவும் கடையில் இருந்தாள். சென்னையில் மருந்துப் பட்டமேற்படிப்பு. அவள் படிப்பே இந்தக் கிருமியைப் பற்றித்தான் என்று அதுவரை எனக்கும் தெரியாது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவை உட்காரவைத்தாள்.

"தப்பு உங்க மேல மட்டும் இல்ல அக்கா. இந்தக் கிருமி வயித்துக்குள்ள வழவழன்னு ஒரு சவ்வு இருக்கு பாருங்க, அதுக்கு அடியில போயி பதுங்கிக்கும். மாத்திரை கரைஞ்சு அது பக்கத்துல போறதுக்குள்ள கீழ எறங்கிடும். அதனாலதான் இத்தனை மாத்திரை, இத்தனை நாள். நாங்க மருந்தைப் பொடியிலும் பொடியா உறை போட்டுப் பாக்கறோம். உங்க பட்டு இழை ஒண்ண நூறா பிளந்தா எவ்ளோ இருக்கும், அவ்ளோதான் ஒவ்வொரு உறையும். நானோன்னு பேரு. அது சவ்வுல ஒட்டிகினு, கொஞ்சம் கொஞ்சமா மருந்த விடும்."

இழையை நூறாகப் பிளப்பது என்றதும் அண்ணன் தன் விரல் நுனியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அக்காவின் சந்தேகம் வேறு. "அந்த உறைய எதுல செய்றீங்க?"

கவிதா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "கடல்ல புடிக்கற எறா ஓட்டுல இருந்து எடுக்கறோம் அக்கா."

"நல்லா இருக்குது போ. மாட்டெலும்புக்குத் தப்பிச்சி எறா கிட்ட மாட்டிகினோம்" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பயப்படாதீர்கள், இப்போதைக்கு எலிக்குத்தான் கொடுத்துப் பார்க்கிறோம், மனுஷனுக்கு வர எத்தனை வருஷம் ஆகுமோ, வருமோ வராதோ என்றாள் கவிதா. அதற்கு அண்ணன் சொன்னார்:

"எலிக்கு இன்னா, அது ஒழுங்கா சாப்ட்டுடும். அதுக்குக் கல்யாணமா, அமாவாசயா."

என் வைத்தியம்

மூன்றாவது தடவையும் தவறக்கூடாது. அண்ணன் இளைத்துவிட்டார். சட்டை தோளில் தொங்கியது. முதலாளி டாக்டருக்கு போன் செய்து கேட்டதில், கேப்சூலுக்குப் பதிலாக ஓடு இல்லாத, பூச்சு போட்ட மாத்திரையை அவர் மாற்றிச் சொன்னார். உடைக்காதே, நுணுக்காதே என்று சிவப்புப் பேனாவில் எழுதினேன்.

அப்புறம் சுவரில் தொங்கிய தேதிக் காலண்டரைப் புரட்டினேன். அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள். நாலு நாள் தள்ளி ஆரம்பிக்கலாமா என்று டாக்டரையே கேட்கும்படி முதலாளியிடம் சொன்னேன், பரவாயில்லை என்றார் டாக்டர். அமாவாசைக்கு மறுநாள் ஆரம்பித்தால் பதினாலு நாளும் பௌர்ணமிக்குள் முடிந்துவிடும். நடுவில் லீவே வராது. கவிதா வாய் பிளந்து பார்த்தாள். அண்ணன்தான் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நோம்பு நாளு பாத்து தள்ளி பரிச்ச வெக்கற டீச்சர் மாதிரி கீறம்மா நீ."

நாலாவது சீட்டு

இரண்டு மாசம் கழித்து அக்கா மட்டும் காலை பஸ்ஸில் வந்தார். அண்ணனுக்கு டெஸ்டில் கிருமி இல்லை, இரண்டு வேளை சோறு சாப்பிடுகிறார், தறியில் புதுப் பாவு ஏற்றியாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். அதே கிருமிக்கான அதே மாத்திரைகள். சீட்டைக் கையில் வாங்கியபடியே கேட்டேன்:

"அண்ணனுக்கு மறுபடியுமா அக்கா?"

"பேரப் படிமா மொதல்ல."

படித்தேன். சுலோச்சனா என்று இருந்தது. மூன்று தடவையும் எனக்கு எதிரே நின்று அட்டை அட்டையாக மாத்திரை வாங்கிப்போனவர். எத்தனை நாளாக வலி என்று ஒரு தரமாவது நான் கேட்டிருக்கலாம். இப்போதுதான் கேட்டேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்:

"அது கீதுமா, மூணு வருசமா. ரெண்டு பேரும் படுத்துகினா தறிய யாரு பாக்கறது? அவுருக்கு மொதல்ல ஆவட்டும்னு உட்டுட்டேன்."

கவிதா எவ்வளவு பொடியாக மருந்து செய்து அனுப்பினாலும், வீட்டுப் பெண்ணின் வயிற்றுக்கு அது புருஷன் வயிறு வழியாகத்தான் வந்து சேரும் போலிருக்கிறது.