கொடி அவிழ்த்த ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் மகள் வீட்டுக்கு யாரோ வருவதாகப் போன் வந்தது. அவ்வளவுதான், மகள் பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை அரை ஈரத்தோடு வாரிக்கொண்டு வந்து என் கட்டிலில் போட்டாள். வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போகும்வரை நான் அந்தக் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஈரத்துணி வாடை இருக்கிறதே, அது லேசில் விடாது. மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என்னை ராயபுரத்து வீட்டில் நிறுத்திவிட்டது.

வீடு என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, எங்களுக்கு அதில் இருந்தது கூடத்தில் ஒரு மூலைதான். எந்தக் காலத்திலோ ஒரு கப்பல் வியாபாரி கட்டிய பெரிய பங்களா அது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். வீட்டுக்காரருக்கு வண்ணாரப்பேட்டையில் மளிகை மொத்தக் கடையில் வேலை. 'பங்களாவில் குடியிருக்கிறோம்' என்று ஊருக்குக் கடுதாசி போட்டேன். பொய்யில்லை. துரைமார் ஆடிய கூடத்தைச் சாக்குப் படுதா கட்டித் தடுத்து, தடுப்புக்கு ஒரு குடும்பம் இருந்தோம் என்பதை மட்டும் எழுதவில்லை. மாசாமாசம் ஒரு கணக்கப்பிள்ளை வந்து வாடகை வாங்கிப்போவார். ரசீது கேட்டு வாங்கவேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

முன் வராந்தா கன்னியம்மாக்காவின் ராஜ்யம். காசிமேட்டு மீனை வாங்கித் தெருத்தெருவாக விற்பவர். தூணுக்குத் தூண் கொடிக்கயிறு கட்டிப் புடவை காயப்போடுவார். கைப்பிடிச் சுவர் முழுக்கக் கருவாடு பரப்பியிருப்பார். வந்த புதிதில் எனக்குக் குடலைப் புரட்டும். பிறகு என்ன, அந்த வாடை அடிக்காவிட்டால் சோறு இறங்காது என்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

ஒரு நாள் குடையும் அளவு நாடாவுமாக ஒரு பெரியவர் வந்தார். பட்டணத்துப் பழைய கட்டடங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். யார் கட்டினது, எப்போது கட்டினது, எதைப் போட்டுக் கட்டினது என்று விசாரித்து எழுதி வைப்பாராம். இதற்கும் ஒரு மனுஷன் மெனக்கெடுவானா என்று வாயைப் பிளந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். சன்னலை அளப்பார், உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பார்.

"சிப்பிச் சுண்ணாம்பும்மா இது. அரைச்சு அரைச்சுப் பூசியிருக்கான். பளிங்கு தோத்துடும்" என்று ஒரு தூணை ஆசையாகத் தடவினார். அதே இடத்தில்தான் நான் தினமும் எண்ணெய்க் கையைத் துடைப்பேன். பிசுக்கு அவர் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. முகம் சுளிக்காமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார். எனக்கு மானம் கப்பலேறிவிட்டது.

போகும்போது, "ஞாயித்துக்கிழமை படம் எடுக்கிறவரைக் கூட்டிட்டு வரேன்" என்றார். எதையும் எடு, ஒதுக்கு என்று சொல்லவே இல்லை. எல்லாம் நாங்களாகவே செய்தோம். படுதாக்களைச் சுருட்டி, அடுப்புகளைப் பின்கட்டுக்குக் கடத்தி, கரி பிடித்த சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்தோம். முன்னால் நின்று எல்லோரையும் ஏவியது சாட்சாத் நான்தான். கன்னியம்மாக்கா மட்டும் கயிற்றை அவிழ்க்க மாட்டேன் என்றார்.

"இன்னாத்துக்குமே அவுக்கணும்? நாம இங்கதான கீறோம்? கீறத அப்டியே படம் புடிச்சிகினு போவட்டும்."

"அக்கா, அந்தப் புஸ்தகம் சீமைக்கெல்லாம் போகும். ஒங்க கருவாட்டப் பாத்து ஊரே சிரிக்கணுமா?" என்றேன். எல்லோரும் என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். "பேஜாரு புடிச்ச பொண்ணு" என்று முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "அடடா, எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?" அதை நாங்கள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இளித்தோம். "சரி, நீங்களாவது படியில வந்து நில்லுங்களேன்" என்று கூப்பிட்டார். நாங்கள் கூசிப்போய் ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் ஒளிந்தோம். கன்னியம்மாக்கா மட்டும் செதில் ஒட்டின புடவையோடு ஓர் அடி எடுத்து வைத்தார். நான் அவர் முந்தானையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிட்டேன்.

சில வருஷங்களில் பங்களா கைமாறியது. துறைமுகத்துக்குப் பக்கம் என்பதால் வாங்கியவருக்கு அங்கே கிடங்கு கட்ட ஆசை. நாங்கள் குடியிருந்தவர்களே இல்லை, காலி வீட்டில் நேற்று வந்து புகுந்தவர்கள் என்று மனுப் போட்டார். விசாரணைக்குப் போனோம். ரசீது எங்கே என்றார் அதிகாரி. கணக்கப்பிள்ளை செத்துப்போயிருந்தார். புத்தகம் எழுதிய பெரியவரைத் தேடி அலைந்தோம்; வடக்கே எங்கேயோ மகனிடம் போய்விட்டாராம்.

அப்போது எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு புத்தகத்தை விரித்து மேஜைமேல் வைத்தார். எட்டிப் பார்த்தேன். நிஜத்தைச் சொல்கிறேன், எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் வீடா இது! தூணும் படியும் அரண்மனை மாதிரி இருந்தன. ஒரு துணி இல்லை, ஒரு சட்டி இல்லை, ஓர் ஆள் இல்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் படம் அங்கே எதற்கு வந்திருக்கிறது என்று உறைத்தது.

"இதுல மனுஷ நடமாட்டமே இல்லையேம்மா?" என்றார் அதிகாரி.

கன்னியம்மாக்காதான் எழுந்தார். "நாங்கதான் சாமி அல்லாத்தையும் எடுத்து வெச்சோம். பெரிய மன்சன் வராரு, கலீஜா இருந்தா எங்களுக்கு வெக்கமா இருக்காதா?"

எங்களுக்கு என்றார். வெட்கப்பட்டது யார் என்று அவருக்குத் தெரியாதா?

"அப்ப நீங்கள்லாம் எங்க இருந்தீங்க?"

"படம் புடிக்கிற பொட்டிக்குப் பின்னால நின்னுகினு இருந்தோம் சாமி."

அறையே சிரித்தது. வேறு யாராவது சொல்கிறீர்களா என்று அதிகாரி எங்களைப் பார்த்தார். நான் பள்ளிக்கூடம் போனவள். கோவையாகப் பேசத் தெரிந்தவள். அந்தச் சிரிப்பு என்மேலும் விழுமே என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சீ, அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு குன்றிப்போகிறது.

தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது. நாங்கள் டோல்கேட் பக்கம் ஓர் ஒண்டுக் குடித்தனத்துக்குப் போனோம். பங்களாவை இடித்தார்கள், கிடங்கு வந்தது. பிற்பாடு கிடங்கும் போய், இப்போது அந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. கன்னியம்மாக்கா எண்ணூர்ப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். நான் தேடிப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

துணிக்குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தை நினைத்துப் பார்த்தேன். குரல் கணீரென்று வருகிறது, முகம் வரமாட்டேன் என்கிறது. அவரை யாரும் ஒரு படம்கூட எடுத்ததில்லை.