பிரிண்ட் போடறேனுங்க

எங்கள் வீட்டில் ஒரு காகிதம் அச்சடிக்க வேண்டுமென்றால், நான் முதலில் அறைவாசலில் நின்று "பிரிண்ட் போடறேனுங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். மாமியார் கிரைண்டரை நிறுத்துவார். கணவர் ஏசியை அணைப்பார். மாமனார் டிவியை அணைப்பார், அதுவும் ஒரு பெருமூச்சோடு. ராக்கெட் விடப்போவதுபோல எல்லோரும் காத்திருக்க, நான் உள்ளே போய்ப் பொத்தானை அமுக்குவேன். லேசர் பிரிண்டர் சூடேறும்போது ட்யூப் லைட் ஒருமுறை மங்கும். அதோடு போனால் நிம்மதி. பல நாள் அதோடு போகாது. மெயின் பாக்ஸில் டிரிப்பர் 'டப்' என்று விழும், வீட்டுக் கரண்டே போய்விடும். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

வேலம்பாளையத்தில் எங்கள் வீடு. பனியன் பெட்டிகளில் ஒட்டும் ஸ்டிக்கர்களையும் பார்கோடு லேபிள்களையும் கம்பெனிகளுக்கு அச்சடித்துக் கொடுப்பது என் தொழில். படுக்கையறையாக இருந்த இடத்தில் ஒரு லேசர் பிரிண்டரும் இரண்டு பார்கோடு பிரிண்டர்களும் இருக்கின்றன. சின்னவை இரண்டும் சாது. கரண்டைக் குடிப்பது பெரியதுதான்.

"இதையெல்லாம் நம்ம கம்பெனிக்கே கொண்டு போயிரலாம். அங்க ஜெனரேட்டரே இருக்குது" என்றார் கணவர். அவருக்குச் சொந்தமாக பனியன் கம்பெனி இருக்கிறது. அன்பாகத்தான் சொன்னார், அதுதான் எனக்கு ஆத்திரம். சரக்கு எந்த பையருக்குப் போகிறது, என்ன ஸ்டைல், எத்தனை பீஸ் எல்லாம் அந்த ஸ்டிக்கரில் இருக்கும். போட்டிக் கம்பெனிக்குள் இருக்கும் மெஷினுக்கு அதை எந்தக் கம்பெனிக்காரர் கொண்டுவந்து கொடுப்பார்? அங்கே போன மறுநாளே என் தொழில் படுத்துவிடும். அப்புறம் நான் பையர்களுக்குக் காபி கொடுக்கும் முதலாளியம்மாவாக இருக்கலாம். அதில் என்ன குறை என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. தீபாவளிக்குள் மாற்றிவிடலாம் என்று நாளும் குறித்துவிட்டார்.

இந்தச் சமயத்தில் மாமனாரும் மாமியாரும் ஒரு கல்யாணத்துக்காகக் கொமரலிங்கம் போனார்கள். அவர்கள் ஊரில் இல்லாத நாளெல்லாம் ஏசி ஓட, கிரைண்டர் ஓட, பிரிண்டரும் ஒரு முணுமுணுப்பில்லாமல் ஓடியது. "வோல்டேஜ் நல்லா வந்திருக்கும்" என்றார் கணவர்.

அவர்கள் திரும்பி வந்த அன்று மாலை, ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. லாரி வாசலில் நிற்கிறது, ஸ்டிக்கர் இல்லாமல் பெட்டி ஏற்ற முடியாது. நான் குரல் கொடுத்தேன். எல்லாம் அணைந்தது. பொத்தானை அமுக்கினேன். டப். மறுபடி அமுக்கினேன். டப்.

"நாந்தான் சொன்னனே" என்றார் கணவர்.

அழுகை வந்தது. முகம் கழுவலாமென்று, என் அறையை ஒட்டிய மாமனாரின் குளியலறைக்குள் நுழைந்து குழாயைத் திறந்தேன். தண்ணீர் கையைச் சுட்டது. நிமிர்ந்தால், ஹீட்டர் சுவிட்ச் போட்டபடி இருந்தது. அதை அணைத்தேன், டிரிப்பரைத் தூக்கினேன், அச்சடித்தேன். கடகடவென்று ஓடியது. கணவர் கண்ணெதிரிலேயே மறுபடி ஹீட்டரைப் போட்டேன். டப்.

மாமனார் அந்தக் காலத்தில், பாய்லர் நீராவியில் பனியன்களுக்கு இஸ்திரி போடும் அயர்னிங் யூனிட் நடத்தியவர். பாய்லரை அணைத்து அணைத்துச் சூடேற்றினால் கட்டுப்படியாகாது என்பது அவர் தொழிலில் கற்றது. வீட்டு ஹீட்டரையும் காலையில் போட்டால் படுக்கும்போதுதான் அணைப்பார். தண்ணீர் ஆற ஆற அது தானாகச் சத்தமில்லாமல் கரண்டை இழுத்துக்கொள்ளும். என் பிரிண்டர் சத்தம் போடும், அதனால் மாட்டிக்கொண்டது. எங்கள் வீட்டில் லோடு என்றால் என் மெஷின்தான். ஹீட்டர் வெறும் சுடுதண்ணி.

"அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?" என்றார் கணவர். என் தொழிலையே மூட்டை கட்டச் சொன்னவருக்கு, ஒரு சுவிட்சைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே போய்ச் சொன்னேன்.

மாமனார் பொறுமையாகக் கேட்டார். "அது பாய்லர் மாதிரி அம்மிணி. அணைச்சு அணைச்சுப் போட்டா கட்டுங்களா?"

"செரிங்க மாமா. பாய்லர்னா பக்கத்துல ஆபரேட்டர் ஒருத்தர் இருக்கோணுமுங்களே. அவரைக் கேக்காம முதலாளியே வால்வைத் தொடக்கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

அவர் யோசித்தார். சொந்த விதியை மறுக்க மனம் வரவில்லை. "அது வாஸ்தவந்தான்" என்றார். அந்த வாரமே ஹீட்டர் சுவிட்ச் சுவரைத் தாண்டி என் மேஜைப் பக்கம் வந்துவிட்டது.

கம்பெனிக்கு மாற்றும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. நான் வாசலில் நின்று குரல் கொடுப்பதுமில்லை. சாயங்காலமானால் மாமனார்தான் தோளில் துண்டோடு என் அறைவாசலுக்கு வருகிறார்.

"அம்மிணி, குளிச்சுக்கட்டுங்களா?"

"லாரி நிக்குதுங்க மாமா. சித்த நேரம் பொறுங்க."

அவர் துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிறார். சமையலறையில் மாமியார் கிரைண்டரை நிறுத்துவதில்லை.