சாக்கடைக்காகச் சண்டை போடும் ஊர்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி குடியிருப்பு முழுவதற்கும் அவள் சமாதானம் அக்கா. குழாயடியில் குடம் பறந்தாலும், மாடிப்படியில் செருப்பு காணாமல் போனாலும் நடுவில் போய் நிற்பவள் அவள்தான். நாள் முழுக்கச் சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்று கால் கடுத்தாலும், சண்டைச் சத்தம் கேட்டால் உட்கார மாட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மாடி வீட்டில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பிரார்த்தனை செய்வார்கள். உலக சமாதானத்துக்காக வேண்டுவது அவள் பங்கு. "உலகம் நல்லா இருக்கணும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்திருப்பது அவளுக்குப் பிடிக்காது. கடவுளிடம் கேட்பதென்றால் விலாசத்தோடு கேட்க வேண்டும் என்பது அவள் கட்சி. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் தொலைக்காட்சியில் போர் நடக்கும் ஒரு மலைநாட்டைக் காட்டினார்கள். இடிந்த பாலத்தின் மேல் ஒரு பெண், ஒரு கையில் குழந்தை, மறு கையில் கோழியோடு ஓடினாள். அன்றைக்கு அந்த நாடு அவள் மனசைப் பிடித்துக்கொண்டது. அந்த நாட்டின் பேரைச் சொல்லி வாரம் தவறாமல் வேண்டினாள். வீட்டில் அந்த நாட்டுக்கு "அம்மாவோட நாடு" என்றே பேராகிவிட்டது.

மகள் வளர்ந்து நர்ஸானாள். ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரி. சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"எந்த நாடு?"

மகள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். "உன் நாடுதான்."

சமாதானம் அக்காவுக்குக் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "குண்டு விழுற ஊருக்கா? நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது."

"போர் முடிஞ்சு வருஷக்கணக்காச்சும்மா."

"போன வாரம்கூட வேண்டினேனே."

பேக்கரி வேன் ஓட்டும் அவள் கணவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "கடவுள் கேட்டுட்டு உனக்குச் சொல்ல மறந்துட்டார் போல."

"நீங்க சும்மா இருங்க."

மகள் போனை நீட்டினாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்தப் போன்தான் உங்கப்பாவுக்குக் கார் பரிசு விழுந்திருக்குன்னும் சொல்லுச்சு. எங்கடி கார்? அச்சுல காட்டு, நம்புறேன்."

"அச்சுல வேணும்னா நீயே லைப்ரரிக்குப் போய்ப் பாத்துக்கோ," என்று மகள் வெடுக்கென்று எழுந்து போனாள். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

நூலகம் சலவைக் கடைக்கு நேர் எதிரில் இருக்கிறது. சலவைக்கு வரும் அதன் திரைச்சீலைகளை அவள் நன்றாக அறிவாள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு புழுதி இறங்கும், எதன் ஓரம் பிரிந்திருக்கிறது என்பது வரை அத்துப்படி. ஆனால் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு அங்கே என்ன வேலை என்றுதான் இருந்துவிட்டாள். மறுநாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வைத்துவிட்டுச் சாலையைக் கடந்தாள்.

மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி இருந்தாள். நூலகர்.

"என்ன வேணும்மா?"

"ஒரு போர் முடிஞ்சுதா இல்லையான்னு பாக்கணும் மேடம்."

நூலகர் சிரிப்பாள் என்று நினைத்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். நூலகர் பேனாவை எடுத்தாள். "எந்தப் போர்?"

அந்த ஒரு கேள்வியில் சமாதானம் அக்காவுக்கு அந்த இடம் சொந்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

வெளியே எடுத்துப் போகக் கூடாத புத்தகங்களுக்கென்று ஒரு தனி அறை. உலகத்தில் எங்கெங்கே சண்டை, யாருக்கும் யாருக்கும், எதற்காக என்று ஆண்டுதோறும் வரும் தடித்த புத்தகங்கள் ஒரு சுவர் முழுக்க வரிசையாக நின்றன. கடைசிப் பக்கங்களில் அகரவரிசையில் நாட்டின் பேரைத் தேடி, எதிரே இருக்கும் எண்ணைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்று நூலகர் ஒரு தடவை காட்டினாள். இரண்டாம் தடவை அவளே விரலை வைத்துத் தேடிப் பிடித்துவிட்டாள். தேடியது கண்ணில் பட்டபோது மீன் சிக்கிய தூண்டில்போல் மனசு துள்ளியது.

"இப்படி ஒரு புத்தகம் இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலியே மேடம். பேரே கேள்விப்படாத ஊர்லயெல்லாம் சண்டை நடந்திருக்கு. பாவம், இவங்களுக்காக யாரும் வேண்டிக்கிட்டாங்களோ இல்லையோ."

தனக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். மற்றதை நூலகர் படித்துச் சொன்னாள். அவளுடைய நாட்டுக்குப் பழைய புத்தகங்களில் பக்கம் பக்கமாக இடம். ஒரு புத்தகத்தில் சமாதான ஒப்பந்தம் என்று வந்தது. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த வருஷத்துப் புத்தகத்தை எடுத்தால், ஒப்பந்தம் முறிந்து மறுபடி சண்டை. இன்னொரு ஒப்பந்தம். அதுவும் முறிந்தது. அப்புறம் மூன்றாவது.

"கையெழுத்துப் போட்டா போதுமா மேடம்? எங்க குடியிருப்புல காலைல கை குலுக்கிட்டுச் சாயங்காலம் குடத்தாலயே அடிச்சுக்குவாங்க."

"சரியான கேள்வி," என்றாள் நூலகர். "அப்ப பேப்பரைப் பாப்போம்."

வியாழக்கிழமை மதியம் பழைய செய்தித்தாள்களைக் கட்டாகத் தைத்து வைத்திருக்கும் அலமாரிக்குப் போனார்கள். ஒவ்வொரு கட்டும் ஈரப் போர்வை கனம். சண்டை நடந்தபோது அந்த நாடு முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. மூன்றாவது ஒப்பந்தத்துக்குப் பிறகு உள்பக்கத்துக்குப் போனது. அப்புறம் ஓர் ஓரத்தில் நாலு வரி. அதற்கப்புறம் எத்தனை கட்டுப் புரட்டியும் அந்த நாட்டின் பேரே இல்லை.

"பாத்தீங்களா, நின்னுபோச்சு," என்று அவள் நிமிர்ந்தாள்.

பக்கத்து மேசையிலிருந்து ஒரு கனைப்பு கேட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் தினமும் அங்கே வந்து எல்லாப் பேப்பரிலும் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போவார். அதனால் அவருக்குத் தலைப்பு என்றே பேர்.

"பேப்பர்ல வரலன்னா போர் முடிஞ்சுதுன்னு யாரும்மா சொன்னது?" என்றார் தலைப்பு. "நிருபரை அடிச்சுத் துரத்தியிருப்பாங்க. முடிஞ்சிருந்தா எனக்குத் தெரியாமலா போகும்?"

 மனுஷன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. செய்தி இல்லை என்றால் நல்லது நடக்கிறது என்றும் சொல்லலாம், சொல்ல ஆள் இல்லை என்றும் சொல்லலாம். நடுவில் கிடப்பது பெற்ற பிள்ளையின் உயிர். அன்று இஸ்திரிப் பெட்டி ஒரு சட்டைக் காலரிலேயே நின்று கருக்கிவிட்டது. முதலாளி திட்டியதுகூட அவள் காதில் ஏறவில்லை. வீட்டில் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். 

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு நூலகத்துக்கு ஓடினாள். மகளுக்கு வந்த வேலைக் கடிதத்திலிருந்து ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பேரை ஒரு காகிதத்தில் பார்த்து எழுதியிருந்தாள். மகளுக்கு வந்த வேலையைப் பற்றிச் சொல்லி அதை நீட்டியதும் நூலகர் நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"இது முன்னாடியே தோணலியே அக்கா. நம்ம ஊர் பேப்பரை எதுக்குப் பாக்கணும்? அந்த ஊர் பேப்பரையே பாப்போம். லைப்ரரி கம்ப்யூட்டர்ல உலகத்துப் பேப்பரெல்லாம் வரும். ஆங்கிலத்துல இருந்தா நான் படிச்சுச் சொல்றேன்."

முதலில் சண்டை நடந்த வருஷத்துப் பேப்பரைத் திறந்தார்கள். எத்தனை மணிக்கு மேல் வெளியே வரக் கூடாது, எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, காணாமல் போன பிள்ளைகளின் படங்கள். அவள் அந்தப் படங்களைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டாள்.

"இதுல வாசகர் கடிதம் வருமா மேடம்? நம்ம பேப்பர்ல எழுதுவாங்களே, ரோடு சரியில்ல, விளக்கு எரியலன்னு."

நூலகர் தேடினாள். "இந்த வருஷம் ஒண்ணுகூட இல்ல."

"அப்ப அது எப்ப ஆரம்பிக்குதுன்னு பாருங்க."

ஏன் என்று நூலகர் கேட்கவில்லை. அவளுக்கும் உடனே புரிந்துவிட்டது. நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். மாதம் மாதமாகத் தள்ளிக்கொண்டே போனார்கள். மூன்றாவது ஒப்பந்தம் வந்தது, போனது. கடிதம் இல்லை. பனிக்காலம் போய் வெயில் வந்தது. அப்போதும் இல்லை. சமாதானம் அக்கா மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நூலகர் கை நின்றது.

"வந்துருச்சு அக்கா."

"என்ன எழுதியிருக்கான்?"

நூலகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தாள். "'என் எதிர்வீட்டுக்காரர் விடிந்ததும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு டிரம்பெட் பழகுகிறார். அவருக்கு வாசிக்க வரவில்லை, வரப்போவதும் இல்லை. நகராட்சி தூங்குகிறதா?'"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "குண்டுச் சத்தம் கேக்குற ஊர்ல எவனாவது டிரம்பெட்டுக்குப் புகார் எழுதுவானா மேடம்? அன்னைக்குத்தான் முடிஞ்சிருக்கு. கையெழுத்துப் போட்ட அன்னைக்கு இல்ல, இந்த ஆளு இதை எழுதினானே, அன்னைக்கு."

தலைப்பு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "என்ன தலைப்பு போட்டிருக்கு?"

"தலைப்பு இல்ல ஐயா. உள்ள படிக்கணும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதம் முழுவதையும் படித்தார். "அந்த டிரம்பெட்காரன் பதில் போட்டானா?" என்று கேட்டார். அடுத்த வாரமே போட்டிருந்தான். எதிர்வீட்டுக்காரருக்குக் காது இருக்கிறது, ரசனை இல்லை என்று. அதோடு ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து மாதக்கணக்கில் எழுதித் தள்ளியது. தலைப்பு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அங்கிருந்து இந்த மாதம் வரைக்கும் வேக வேகமாக வந்தார்கள். சந்தைக்கு முன்னால் சாக்கடையைத் தோண்டிப் போட்டுவிட்டு மூடவில்லை என்று எழுதியிருந்தார்கள். தோண்டியது யார், மூட வேண்டியது யார் என்று கவுன்சிலர்கள் இரண்டு பேர் கைகலப்பு வரை போயிருந்தார்கள். ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது. சாக்கடைக்காக மல்லுக்கு நிற்கிறார்கள் என்றால் அந்த ஊருக்கு வேறு பெரிய கஷ்டம் இல்லை. கடவுளே, நீ கேட்டிருக்கிறாய், நான்தான் திரும்பிப் பார்க்கவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்று நூலகர் குரலைத் தணித்தாள். "போன மாசம் வந்தது. உங்க பொண்ணு போற ஆஸ்பத்திரியைப் பத்தி."

"படிங்க."

"'தெற்கு மலைகளில் இன்னும் கண்ணிவெடிகளைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆடு மேய்க்கப் போன என் தம்பிக்கு அங்கே ஒரு கால் போய்விட்டது. செயற்கைக் கால் பொருத்த ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் கட்டி, கட்டிலெல்லாம் போட்டுவிட்டார்கள். நர்ஸ் இல்லை என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். யாரும் வர மாட்டேன் என்கிறார்களாம். நாங்கள் இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது?'"

 நூலகர் எழுந்து போய்ப் பெரிய வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தாள். தெற்கு மலைகள் கீழே இருந்தன. ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் மேலே, ஆற்றங்கரையில், நடுவில் இரண்டு மலைத்தொடர் தாண்டி. சமாதானம் அக்கா அந்தத் தூரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அந்தக் கடிதத்தை அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனபோது மகள் அலமாரியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். மகள் படித்து முடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"கண்ணிவெடி விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியும். சொன்னா நீ பயப்படுவன்னு சொல்லல."

"அந்தக் கட்டடத்துக்குத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்காங்களா?"

"ஆமாம்மா." மகள் கட்டிலில் உட்கார்ந்தாள். "நீ வாராவாரம் அவங்களுக்கு வேண்டுறதைக் கேட்டே வளந்தவ நான். கடிதம் வந்தப்ப எனக்கு வேற ஊர் எதுவும் கண்ணுக்குத் தெரியல."

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் வேன் வந்து நின்றது. கணவர் உள்ளே வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, போர் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க. வேலை முடியல."

"எந்தப் போரைக் கேட்டேன்னு நினைச்ச? இந்த வீட்டுல நடக்கிறதைக் கேட்டேன்."

மகள் சிரித்துவிட்டாள். "நீ எழுதுடி," என்றாள் அம்மா. "நாளைக்கு வரைக்கும் எதுக்கு இழுக்கணும்? வர்றேன்னு இப்பவே எழுது."

மகள் போனை எடுத்து எழுதத் தொடங்கினாள். இரண்டு வரி எழுதுவதற்குள் அம்மா மறுபடி அவள் தோளைத் தொட்டாள்.

"ஒண்ணு சொல்லணும், மறந்துட்டேன். அங்க பஸ்காரன் ஆஸ்பத்திரி ஸ்டாப்புல நிறுத்துறதே இல்லையாம். நாலு பேரு எழுதியிருக்காங்க. நீ முன் ஸ்டாப்புலயே எறங்கி நடந்துடு."