நான் மிதிக்க மறுத்த முழங்கால்

தொண்ணூற்றாறாம் வருடம், மழைக்காலம். மாத்தளை மாவட்டத்தில் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது என் வேலை. எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நான் கால் முன்னே வரப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் மிதித்து நீவினால் சுளுக்கு ஓடிப்போகும் என்று எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், எல்லாரும் நம்பினார்கள். யாருக்குச் சுளுக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்!

அந்த வருடம்தான் மாத்தளை டவுனில் எங்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்த நர்ஸ் ஒரு கோழிக்காலைக் கொண்டுவந்து மூட்டைப் பிரித்துக் காட்டினார். இரண்டு எலும்பையும் பிடித்துக்கொண்டு வெள்ளையாக, வார் மாதிரி ஒன்று. குழம்பில் நாம் மெல்ல முடியாமல் துப்புவோமே, அதேதான். பெயர் லிகமென்ட். எலும்போடு எலும்பைக் கட்டி, மூட்டு கண்டபடி திரும்பாமல் காப்பது அதுதானாம். சத்தம் கேட்டு மூட்டு உடனே வீங்கினால் அது கிழிந்திருக்கலாம், அப்போது நீவவே கூடாது, அசையாமல் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார். இத்தனை நாள் எத்தனை பேரை மிதித்தேனோ என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வீடு திரும்பினேன்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. லயத்தில் எங்கள் பக்கத்து அறையில் குடியிருந்த அக்கா கொழுந்து பறிக்கும் மலையில் வழுக்கி, கால் ஒரு பக்கம் மாட்டிக்கொள்ள உடம்பு மறுபக்கம் திரும்பி விழுந்தார். 'டப்' என்று சத்தம் கேட்டதாம். தூக்கி வந்தபோது முழங்கால் வீங்கியிருந்தது. மூன்று பிள்ளைகளுக்கும் அவர் உழைப்பில்தான் சோறு. அவருடைய மாமியார் நல்லெண்ணெயோடு வந்து நின்றார்.

"ஒரு மிதி மிதிச்சி விடு புள்ள, நாளைக்கே மலைக்கிப் போயிருவா."

"மாட்டேன் மாமி. இது சுளுக்கில்ல, உள்ளுக்கு வார் கிழிஞ்சிருக்கு."

"ரெண்டு நாள் டவுனுக்குப் போய் வந்ததும் தலைக்கனமா?"

லயமே சேர்ந்து திட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் காலை யாரையும் தொட விடவில்லை. இரண்டு பலகைத் துண்டு வைத்து, தொட்டில் சேலைகளைக் கிழித்து, அதிகம் இறுக்காமல் கட்டி, தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

வழியில் சோதனைச்சாவடி. அவ்வளவு பெரிய கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் ஆமிக்காரர் அவிழ்க்கச் சொன்னார். போர் நடந்துகொண்டிருந்த, குண்டுப் பயம் இருந்த காலம், அவரைக் குறை சொல்ல முடியாது. எலும்பைப் பிடித்திருக்கும் வார் கிழிந்துவிட்டது, அவிழ்த்து ஆட்டினால் இவர் ஒழுங்காக நடக்கவே முடியாது, வேண்டுமானால் கையால் தடவிப் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் சேலை மடிப்புக்குள் விரல் விட்டு மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு, போகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிசோதித்தார். உள்பக்க லிகமென்ட் பாதி கிழிந்திருக்கிறது, மிதித்திருந்தால் முழுதாகப் போயிருக்கும் என்றார். "யாரும்மா கட்டினது?" என்று கேட்டார். அக்காதான் படுத்தபடியே என் பக்கம் கையைக் காட்டினார்.

"நம்ம புள்ளதாங்க."

நாலைந்து மாதத்துக்குப் பிறகு அக்கா கூடையோடு மறுபடி மலையேறியதைப் பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு என்னென்னவோ செய்திருக்கிறேன். ஆனால் லயமே செய்யச் சொன்ன ஒன்றை அன்று செய்யாமல் நின்றேனே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.