சோடாவின் தாகம்

பேருந்துகளில் ஏறி டிக்கெட் சோதிக்கிற வேலை அவளுக்கு. நடத்துநர்கள் முதுகுக்குப் பின்னால் அவளைக் கழுகு என்பார்கள். அவளுக்கும் அது தெரியும், உள்ளூரப் பெருமைதான். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்பவன், திடீரென்று செல்போனில் பேச ஆரம்பிப்பவள், பைக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டே இருப்பவர் என்று எல்லாரையும் படியில் கால் வைத்ததுமே பிரித்துவிடுவாள். சீருடையைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகும் அந்தக் கண்ணை மட்டும் அவளால் கழற்றி வைக்க முடிந்ததில்லை.

அதனால்தான், கொழுந்தன் ஒரு நாய்க்குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, அவள் பெட்டியைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"பாப்பாவுக்குத் துணையா இருக்கும்னு கொண்டு வந்தேன், அண்ணி."

கேட்டால்கூட ஒரு தீப்பெட்டி தராத ஆள் அவன். "மத்த குட்டியெல்லாம் எங்கே?" என்றாள்.

அவன் தன் செருப்பைப் பார்த்தான். "ஆளாளுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. இது ஒண்ணுதான் மிச்சம்."

யாரும் வேண்டாமென்று ஒதுக்கியதை நம் தலையில் கட்டுகிறான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஆனால் அதற்குள் பெட்டி மகளின் கட்டிலுக்குப் போய்விட்டது. எட்டு வயதுப் பிள்ளை. சிறுநீரகக் கோளாறால் கண் இமையும் காலும் வீங்கி, பள்ளிக்கூடம் போகாமல் முன்னறையிலேயே படுத்துக் கிடந்தாள். அதே அறையின் மறுபக்கத்தில்தான் பிள்ளையின் அப்பா மிக்ஸியும் மின்விசிறியும் பழுதுபார்ப்பார். குட்டி பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்து, சோடா மூடியைத் திறந்தாற்போல் புஸ்ஸென்று தும்மியது. மகள் சிரித்தாள். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அதோடு குட்டியின் பெயரும் சோடா என்றாகிவிட்டது.

அவள் விடவில்லை. மகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் போய், வீட்டில் நாய் இருக்கலாமா என்று கேட்டாள். தடுப்பூசியும் பூச்சி மருந்தும் போட்டு, தொட்டதும் கை கழுவினால் இருக்கட்டும் என்றார் டாக்டர். டாக்டர் வீட்டில் நாய் இருக்கும், அதுதான் பரிந்து பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினாள்.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு சோடா தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு வாளிக்குள் தலையை விட்டது. போன இடமெல்லாம் ஈரம். எவ்வளவு தின்றாலும் பசி அடங்கவில்லை. வயிறு மட்டும் பானையாக உப்பியது. அதே சமயத்தில், வடிந்திருந்த மகளின் கால் வீக்கம் திரும்ப வந்தது.

"மாத்திரை சரியாத்தான் குடுக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இதைவிடக் கடுமையான மருந்துக்குப் போக வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

அவளுக்குச் சந்தேகம் நாலாபக்கமும் கிளை விட்டது. மருந்துக்கடைக்காரர் போலி மாத்திரை விற்கிறார். கணவர் வேலை மும்முரத்தில் கொடுக்க மறந்துவிட்டு, கொடுத்தேன் என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே நாய். கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"நோய் பிடிச்ச குட்டியைக் கொண்டு வந்து தள்ளிட்டீங்களே தம்பி, இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

அவன் சத்தியம் செய்தான். சத்தியம் செய்கிறவர்களை அவள் பேருந்தில் தினமும் பார்க்கிறாள்.

"திருப்பி அனுப்புறதுன்னா அனுப்பலாம்," என்றார் கணவர், ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்காமல். "அதுக்கு முன்னாடி என்ன வியாதின்னாவது தெரிஞ்சுக்கலாமே."

கால்நடை மருத்துவமனையில் மருத்துவராக இருந்த ஒரு இளம்பெண் சோடாவின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள், கேள்விகள் கேட்டாள், பிறகு நிமிர்ந்தாள்.

"வீட்டுல யாராவது ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறாங்களா? அதைத் தின்னா இப்படித்தான் தாகமும் பசியும் எடுக்கும்."

மகளுக்குக் கொடுப்பது அந்த மாத்திரைதான். கணவர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள்: மாத்திரையைக் கண்ட இடத்தில் சிந்தியிருப்பார். ஆனால் கேட்க வாயெடுத்தபோதே, மகள் தினமும் காலையில் தன் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துச் சோடாவுக்கு ஊட்டுவது கண்முன் வந்தது.

வீட்டுக்கு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பேருந்தில் கையை நீட்டினால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். இங்கே கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

"பாப்பா, மாத்திரையை ரொட்டிக்குள்ள வச்சியா?"

மகள் போர்வையின் நூலைப் பிடித்து இழுத்தாள். "தினமும் இல்ல. ரொம்ப எரியுற அன்னைக்கு மட்டும்."

"எங்கே எரியுது?"

"வயித்துல. அதைப் போட்டா எரியுது."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. சாக்குச் சொல்லாதேன்னு சொன்னீங்க."

சொன்னதுதான். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு கால் செருப்பில் இருக்கும்போது சொன்னது. நடிப்பு என்று ஒரே பார்வையில் முடிவு கட்டியிருந்தாள்.

மகள் மெல்லக் கேட்டாள்: "சோடா செத்துப்போயிடுமா?"

"போகாது," என்று மிக்ஸி மேசைப்பக்கமிருந்து அப்பாதான் பதில் சொன்னார். "தண்ணியா குடிச்சு வீட்டை ஆறாக்கும், அவ்வளவுதான்."

மறுநாள் டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னார்கள். அவர் திட்டினார்; பிறகு வயிற்றெரிச்சலுக்கு ஒரு மருந்து சேர்த்து, பழைய மாத்திரையையே தொடரச் சொன்னார். கடுமையான மருந்து தேவைப்படவில்லை. வீக்கம் மெல்ல வடிந்தது. கால்நடை மருத்துவர் சொன்னபடி கவனித்ததில் சோடாவின் வயிறும் உள்ளே போனது. கொழுந்தனைக் கூப்பிட்டு, "நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க தம்பி," என்றாள்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மாத்திரை நேரத்தில் சோடாவை வெளியே விட்டுக் கதவைச் சாத்தி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அவள் வேலைக்குக் கிளம்புகிறாள். ஆனால் எங்கேயாவது வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்கிறாள்.